ஒரே கதை, இரண்டு கடிகாரங்கள்: ஜப்பானியத் தொடர்களும் கொரியத் தொடர்களும்

கொரியத் தொடர் ரசிகரையும் ஜப்பானியத் தொடர் ரசிகரையும் எதிரெதிரே உட்கார வைத்தால், வாக்குவாதம் எந்தத் திசையில் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஜப்பானிய நாயகன் காதலைச் சொல்ல வாய் திறப்பதற்குள் தொடரே முடிந்துவிடுகிறது என்பார் முன்னவர். கொரிய நாயகி அழுது ஓய்வதற்குள் தமக்கு வயதாகிவிடுகிறது என்பார் பின்னவர். இந்தக் கேலிகளுக்கு அடியில், ஜப்பானியர் அடக்கமானவர்கள், கொரியர்கள் உணர்ச்சிவசப்படுகிறவர்கள் என்ற ஒரு பழைய எண்ணம் கிடக்கிறது. அது பாதிக்கு மேல் தவறு என்பதே என் கருத்து. ரசிகர்கள் ரசனை என்று நினைத்துச் சண்டையிடுவதில் பெரும்பகுதி ஒளிபரப்பு நேரத்தின் கணக்குதான். அது போக எஞ்சுவது சிறிதே என்றாலும், மோதத் தகுந்த விஷயம் அந்தச் சிறிதில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஜப்பானிய வணிகத் தொலைக்காட்சிகள் ஆண்டை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தொடங்கும் நான்கு பருவங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. வாரத்துக்கு ஓர் அத்தியாயம், பருவத்துக்கு 10 அல்லது 11 அத்தியாயங்கள். விளம்பரங்களைக் கழித்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 நிமிடம். மொத்தக் கதையும் ஏறத்தாழ 8 மணி நேரத்தில் முடிந்தாக வேண்டும். கொரியாவில் நெடுங்காலம் நிலைத்திருந்த வடிவம், வாரத்தில் அடுத்தடுத்த இரு நாட்கள், ஒரு மணி நேரத்தைத் தாண்டும் 16 அத்தியாயங்கள் என்பதாகும். ஆக, கொரிய எழுத்தாளருக்குக் கிடைப்பது இரு மடங்குக்கும் மேற்பட்ட நேரம். நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் இந்த வடிவத்தை இப்போது சுருக்கி வருகின்றன என்றாலும், ரசிகர்களின் பழக்கம் அதில்தான் உருவானது. நாயகியை விட்டுக்கொடுத்துவிட்டு மழையில் நிற்கும் இரண்டாம் நாயகன் கொரியத் தொடர்களில் அத்தனை பேருடைய மனத்தையும் கொள்ளையடிப்பதற்குக் காரணம், அவனுக்கென்று தனியாக மூன்று, நான்கு மணி நேரம் ஒதுக்க அங்கே வசதி இருப்பதுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க மறுஆக்கங்களைவிடச் சிறந்த இடம் இல்லை. கமியோ யோகோ 1992இல் வரையத் தொடங்கிய ‘ஹனா யோரி டாங்கோ’ என்ற மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை), ஜப்பானின் டிபிஎஸ் நிறுவனத்தில் 2005இல் 9 அத்தியாயங்களாகவும், 2007இல் இரண்டாம் பருவமாக 11 அத்தியாயங்களாகவும் வந்தது. கொரியாவின் கேபிஎஸ் 2009இல் அதையே ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ என்று 25 அத்தியாயங்களில் ஒரே மூச்சாக எடுத்தது. புதுயுகம் தொலைக்காட்சியின் தமிழ் ஒலிச்சேர்க்கை வழியாக நம்மில் பலருக்கும் அறிமுகமானது இந்தத் தொடர்தான். ஜப்பானிய நாயகி வேலை பார்ப்பது டாங்கோ என்ற அரிசிமாவு உருண்டை விற்கும் ஒரு சின்னக் கடையில். கொரிய நாயகி வேலை பார்ப்பது நிஜத்தில் கிளைகள் பல கொண்ட ஒரு கஞ்சிக் கடையில். பணக்கார நண்பர்கள் அவளை நியூ கலிடோனியா தீவுக்கு அழைத்துச் செல்கிறார்கள். கதை சீனாவின் மக்காவ் நகருக்கும் பயணப்படுகிறது. இந்த ஆடம்பரம் கூடுதல் நேரத்தை நிரப்பவும், வெளிநாட்டுச் சந்தைக்குக் கண்காட்சியாக நிற்கவும், விளம்பரதாரருக்கு இடம் தரவும் ஒருசேரப் பயன்பட்டது. நடிப்பிலும் திரைக்கதையின் சிக்கனத்திலும் ஜப்பானிய வடிவமே மேல் என்பேன். ஆனால் லீ மின்-ஹோ நடித்த நாயகன் கு ஜுன்-பியோவோடு ரசிகர்களுக்கு ஏற்பட்ட நெருக்கம், அவனை வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பழகியதால் வந்த நெருக்கம். ஜப்பானிய வடிவத்தின் நாயகனான மட்சுமோட்டோ ஜுன் எவ்வளவு நன்றாக நடித்தாலும் 9 அத்தியாயங்களில் அது கைகூடியிருக்காது.

எதிர்த்திசையிலும் கணக்கு ஒத்துப்போகிறது. கொரியாவின் ‘இதேவோன் கிளாஸ்’ 2022இல் ‘ரொப்போங்கி கிளாஸ்’ ஆக ஜப்பானுக்குப் போனபோது, அங்குள்ள வழக்கத்தை மீறி 13 அத்தியாயங்கள் தேவைப்பட்டன. பழிவாங்கலும் தொழில் போட்டியும் காதலும் கலந்த கதை 10இல் அடங்கவில்லை போலும். மாறாக, நள்ளிரவு முதல் காலை 7 மணி வரை திறந்திருக்கும் உணவகத்தின் கதையான ஜப்பானின் ‘ஷின்யா ஷோகுடோ’வைக் கொரியா 2015இல் எடுத்தபோது அது சரியாக அமையவில்லை. அதற்கு நீளம் காரணமல்ல, ஏனெனில் இரண்டுமே அரைமணி நேரத் தொடர்கள். வேறேதோ தவறிவிட்டது. கோபயாஷி கவோரு நடித்த கடைக்காரர் கேட்டதைச் சமைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பவர். வாடிக்கையாளர் தம் கதையைத் தாமே தூக்கிச் சுமக்க வேண்டும். அந்த ஒதுங்கல் கொரிய வடிவத்துக்குக் கைவரவில்லை.

இதை வைத்து அடக்கம் ஜப்பானுடையது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 2013இல் ‘ஹன்சாவா நவோகி’ என்ற ஜப்பானிய வங்கித் தொடரின் கடைசி அத்தியாயம் டோக்கியோ வட்டாரத்தில் 42.2 சதவீதப் பார்வையாளர்களை ஈர்த்தது. வங்கியின் இயக்குநர் குழுக் கூட்டத்தில், முகம் கோணி உடல் நடுங்க, மேலதிகாரி தரையில் மண்டியிட்டுத் தலை தாழ்த்தும் அந்தக் காட்சியில் அடக்கத்தை பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. 2018இல் வந்த கொரியாவின் ‘மை மிஸ்டர்’ தொடரிலோ, ஒரு பெண் நடுத்தர வயதுப் பொறியாளர் ஒருவரின் கைபேசியை ஒட்டுக்கேட்டபடி, அவர் நடக்கும் ஓசையையும் விடும் பெருமூச்சையும் கேட்டுக்கொண்டே வீடு திரும்புகிறாள். இருவருக்கும் இடையே காதல் வசனம் கிடையாது. அந்த மௌனத்துக்கும் கொரியத் தொடரின் நீண்ட நேரமே இடம் கொடுக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய எழுத்தாளர்கள் நேரம் போதாமல் வசனத்தைக் கூர்தீட்டுகிறார்கள். சகமோட்டோ யூஜி எழுதிய ‘குவார்டெட்’ (2017) முதல் அத்தியாயத்தில், பொதுத் தட்டில் இருக்கும் பொரித்த கோழியின் மீது கேட்காமல் எலுமிச்சை பிழிந்தது சரியா என்று ஒரு தகராறு வருகிறது. பிழிந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்று ஒருவர் வாதாடுகிறார். நான்கு பேரின் குணமும் அந்த ஒரு தட்டைச் சுற்றி வெளிப்பட்டுவிடுகிறது. கொரியத் தொடர் இதே அறிமுகத்துக்கு இரண்டு அத்தியாயங்கள் எடுத்துக்கொள்ளும்.

பாடல்களைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை, கொரியாதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பாடல் என்று அமைத்து, அதைப் பதினாறு மணி நேரம் காதில் ஏற்றிவிடுகிறார்கள். பார்க்கக் கிடைப்பதிலும் கொரியாவே முன்னால் நிற்கிறது. உள்நாட்டுச் சந்தையே போதும் என்று ஜப்பானிய நிறுவனங்கள் நெடுநாள் இருந்துவிட்டன.

இனி, நேரத்தால் விளக்க முடியாத அந்த எச்சம்: முடிவுகள். 1991இன் ‘டோக்கியோ லவ் ஸ்டோரி’யில் நாயகியும் நாயகனும் சேரவில்லை, அது ஜப்பானியக் காதல் தொடர்களுக்கு ஓர் இலக்கணமாகவே கொண்டாடப்படுகிறது. அத்தனை ஆர்ப்பாட்டம் செய்த ஹன்சாவாவும் இறுதியில் பதவி உயர்வு பெறாமல் வேறு நிறுவனத்துக்குத் தள்ளப்படுகிறான். கொரியாவில் 2022இல் ‘ட்வென்டி-ஃபைவ் ட்வென்டி-ஒன்’ காதலர்களைப் பிரித்து முடித்தபோது ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். பதினாறு மணி நேரம் உடன் வாழ்ந்தவர்கள் கணக்குக் கேட்கத்தான் செய்வார்கள் என்று இதற்கும் நேரத்தையே காரணம் காட்டலாம். ஆனால் ‘மதர்’ தொடரை வைத்துப் பார்த்தால் அந்தச் சமாதானம் போதவில்லை.

‘டோக்கியோ லவ் ஸ்டோரி’யின் திரைக்கதையை எழுதிய அதே சகமோட்டோ 2010இல் எழுதிய இத்தொடரில், தாயால் குப்பைப் பையில் கட்டிக் குளிரில் போடப்பட்ட சிறுமியைத் தற்காலிக ஆசிரியை ஒருத்தி தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். 11 அத்தியாயங்களே இருந்தும், கொடுமை செய்த தாய் எப்படி அந்நிலைக்கு வந்தாள் என்பதைக் காட்ட ஜப்பானிய வடிவம் நேரம் ஒதுக்குகிறது. 2018இன் கொரிய வடிவத்துக்கு 16 அத்தியாயங்கள் இருந்தன. அது கூடுதல் நேரத்தைத் தாயின் காதலனை ஒரு முழு வில்லனாக வளர்த்து, குழந்தையைக் கடத்திப் பணம் கேட்க வைப்பதற்குச் செலவிடுகிறது. ஜப்பானில் ஆசிரியை சிறுமியைக் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டு, இருபது வயதில் பிரித்துப் படிக்கும்படி ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பிரிகிறாள். கொரியாவில் இருவரும் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சேர்கிறார்கள். சட்டமே அவர்களைத் தாயும் மகளுமாக ஏற்க வழிவிடுகிறது.

கொரிய முடிவைப் பார்த்து நானும் அழுதேன், மறுக்கவில்லை. ஆசிரியையாக நடித்த லீ போ-யோங் நீதிமன்றத்தில் நிற்கும்போது வேறு எந்த முடிவையும் மனம் ஏற்காது. இருந்தாலும் ஜப்பானிய முடிவின் பக்கமே நிற்கிறேன். அன்பு இருந்தால் சட்டம் வழிவிடும் என்று அது ஆறுதல் சொல்வதில்லை. ஒரு குழந்தையைக் கடத்தியது கடத்தல்தான் என்பதையும், அந்தக் கடத்தல் இல்லாவிட்டால் அவள் உயிரோடு இருந்திருக்க மாட்டாள் என்பதையும் ஒன்றால் மற்றொன்றைத் துடைக்காமல் இரண்டையும் அப்படியே விட்டுவைக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாத கொரியத் தொடர் ரசிகர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. அந்தச் சிறுமி பட்டதெல்லாம் போதாதா, கடிதத்தையும் கையில் கொடுத்து இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்கச் சொல்ல வேண்டுமா என்று அவர்கள் கேட்கும்போது, அதற்குத் திரைக்கதை இலக்கணத்திலிருந்து எடுத்துச் சொல்ல என்னிடம் பதில் இருப்பதில்லை.