மீண்டும் மீண்டும் வரும் பாக்டீரியல் வஜினோசிஸ்: மாத்திரையா, புரோபயாடிக்கா, துணைவருக்கும் சிகிச்சையா?

2023 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கோர்ட்னி கர்தாஷியனின் லெம்மி நிறுவனம், யோனி நலத்துக்கென்று ஒரு கம்மி மிட்டாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்னாசி, வைட்டமின் சி, புரோபயாடிக் (நன்மை தரும் என்று உட்கொள்ளப்படும்) பாக்டீரியா ஆகியவை சேர்ந்த அந்த மிட்டாய், மணத்தையும் பி.எச். அளவையும் (அமிலத்தன்மை குறையக் குறைய உயரும் எண்) சீராக வைக்க உதவும் என்றது விளம்பரம். மகப்பேறு மருத்துவர்கள் பலர் அதைப் பொதுவெளியில் கண்டித்தார்கள். ஆரோக்கியமான உடலுக்கு இயல்பாகவே உள்ள மணத்தைக் குறையாகக் காட்டிவிட்டு, அந்தக் குறைக்கு மருந்தையும் தானே விற்பது முறையா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டால், உண்மையிலேயே தொந்தரவு உள்ள பெண்ணுக்கு, அதாவது மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தும் சில வாரங்களில் அதே கசிவும் நாற்றமும் திரும்பி வருவதைக் காணும் பெண்ணுக்கு, எந்தப் பதிலும் கிடைப்பதில்லை. இந்த ஒப்பீடு அவருக்கானது.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் வெள்ளைப்படுதல் என்ற ஒரே பெயர்தான். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் வரும் தெளிந்த கசிவும் அதில் அடங்கும். தயிர்த் திப்பி போல வந்து கடும் அரிப்பைக் கொடுக்கும் கேண்டிடா பூஞ்சைத் தொற்றும் அடங்கும். பாலுறவால் பரவும் ட்ரைக்கோமோனாஸும் அடங்கும். முதலாவதற்குச் சிகிச்சையே தேவையில்லை. இரண்டாவதற்கு மருந்து வேறு; மூன்றாவது தனி நோய். இங்கே பேசப்படுவது நான்காவதான பாக்டீரியல் வஜினோசிஸ், அதாவது யோனியின் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து மற்றவை பெருகிவிடும் நிலை. சாம்பல் கலந்த வெண்மையில் நீர்த்த கசிவும், உறவுக்குப் பின்போ மாதவிடாயின்போதோ கூடும் மீன்வாடையும் இதன் அடையாளங்கள். அரிப்பு பெரும்பாலும் இருக்காது. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் 23 முதல் 29 விழுக்காட்டினரிடம் இது காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பூஞ்சைக்கு மருந்து போட்டுக்கொண்டு இது தீரவில்லையே என்று வருந்துபவர்கள் குறைவில்லை என்பதால், எந்தச் சிகிச்சை சிறந்தது என்று பார்ப்பதற்கு முன்னால் வந்திருப்பது எது என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்வது அவசியம். அதற்குப் பெரிய பரிசோதனைக் கூடம் வேண்டியதில்லை. 1983-இல் ஆம்செல் குழுவினர் வகுத்த நான்கு அளவுகோல்களில் மூன்று பொருந்தினால் போதும். அவற்றுள் ஒன்று பி.எச். 4.5-க்கு மேல் இருப்பது. இன்னொன்று நுண்ணோக்கியில் பாக்டீரியாக்கள் மொய்த்த செல்கள் தெரிவது.

யோனியில் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து நலம் காக்கும் பாக்டீரியாக்களை (இன்று லாக்டோபேசில்லஸ் எனப்படுபவை) 1892-லேயே ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் விவரித்துவிட்டார். ஆனால் அவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல என்பது மரபணு வரிசைப்படுத்தல் வந்த பிறகுதான் துலங்கியது. 2011-இல் ஜாக் ரவேல் குழுவினர் 396 பெண்களிடம் நடத்திய ஆய்வு, யோனியின் நுண்ணுயிர்த் தொகுதிகளை ஐந்து வகையாகப் பிரித்தது. நான்கில் ஏதேனும் ஒரு லாக்டோபேசில்லஸ் இனம் கோலோச்சுகிறது. ஐந்தாவதில் பல்வேறு காற்றில்லா பாக்டீரியாக்கள் கலந்து வாழ்கின்றன. அந்த நான்கு இனங்களுள் கிரிஸ்பேட்டஸ் என்ற இனம் நிலையான காவலாளி. இனர்ஸ் என்ற இனமோ நெருக்கடி வந்தால் இடத்தை விட்டுக்கொடுத்துவிடுவது. இதை நினைவில் வைத்துக்கொண்டு கடையில் விற்கும் புரோபயாடிக் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், அதில் கிரிஸ்பேட்டஸ் பெரும்பாலும் இருப்பதில்லை. தயிருக்கும் குடலுக்கும் பழக்கப்பட்ட இனங்களின் பெயர்களே வரிசையாக இருக்கும்.

முதல் போட்டியாளர் ஆன்டிபயாடிக். மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏழு நாட்கள்; அல்லது மெட்ரோனிடசோல் ஜெல்; அல்லது 2 விழுக்காடு கிளிண்டமைசின் கிரீம். நம் அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளில் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் பச்சை நிறப் பொட்டலத்தில் மெட்ரோனிடசோலின் குடும்பத்தைச் சேர்ந்த செக்னிடசோல் 2 கிராமும், பூஞ்சையும் சேர்ந்திருந்தால் அதைக் கவனித்துக்கொள்ள புளுகோனசோலும் இருக்கும். அறிகுறிகளை விரைவாக அடக்குவதில் ஆன்டிபயாடிக்குக்கு இணை இன்றுவரை இல்லை. விலையும் மிகக் குறைவு. வாயில் உலோகச் சுவை, குமட்டல் ஆகியவை தொல்லை தரும். எனினும் அதன் மெய்யான பலவீனம் வேறு: சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்புகிறது. கார்ட்னெரெல்லா உள்ளிட்ட பாக்டீரியாக்கள் யோனிச் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்வதால் மருந்து அவற்றை அடியோடு களைவதில்லை என்பது ஒரு விளக்கம். காலியான இடத்தில் கிரிஸ்பேட்டஸ் தானாக வந்து குடியேறும் என்பதற்கும் உறுதியில்லை.

இந்த இடைவெளியில்தான் வாய்வழி புரோபயாடிக்குகள் நுழைகின்றன. அவற்றில் அதிகமாக ஆராயப்பட்டவை ஜி.ஆர்.-1, ஆர்.சி.-14 என்னும் இரண்டு லாக்டோபேசில்லஸ் திரிபுகள். 2006-இல் நைஜீரியாவில் 125 பெண்களிடம் நடந்த ஆய்வில், மெட்ரோனிடசோலோடு இவற்றையும் முப்பது நாட்கள் விழுங்கியவர்களில் 88 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள். மெட்ரோனிடசோலோடு, ஒப்பீட்டுக்காகத் தரப்படும் மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 40 விழுக்காட்டினரே குணமடைந்தார்கள். விற்பனையாளர்கள் விரும்பி மேற்கோள் காட்டும் எண்கள் இவை. இதே திரிபுகளைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து லண்டனில் 304 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வு, அறிகுறிகளோடு நின்றுவிடாமல் யோனியின் நுண்ணுயிர்த் தொகுதியையே வரிசைப்படுத்திப் பார்த்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் அதில் வேறுபாடே இல்லை. இரண்டு ஆய்வுகளும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை என்பது உண்மை. ஒன்று நோயுற்றவர்களைப் பற்றியது, மற்றொன்று பெரும்பாலும் நோயற்ற கர்ப்பிணிகளைப் பற்றியது. ஆயினும் வாயில் போட்டது குடலைத் தாண்டி யோனியில் குடியேறி அங்கே ஆட்சியை மாற்றும் என்ற வாதத்தின் ஆணிவேரையே லண்டன் ஆய்வு அசைக்கிறது. கையில் கிடைக்கும் எந்த லாக்டோபேசில்லஸ் தயாரிப்பையும் மாற்றுச் சிகிச்சையாகவோ துணைச் சிகிச்சையாகவோ ஆதரிக்கப் போதிய ஆய்வு இல்லை என்பதே அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் 2021 வழிகாட்டியின் நிலைப்பாடு. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பின் வரும் பூஞ்சைத் தொற்றைத் தடுக்கலாமே என்ற ஆசையும் இப்படித்தான் முடிந்தது: 2004-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில் வாய்வழியும் பயன் தரவில்லை, யோனிவழியும் பயன் தரவில்லை.

இடம் யோனியாக இருக்க, பொருள் ஏன் வாய்வழியாகவே வருகிறது? உடலியலைவிடச் சட்டத்துக்கு இதில் பங்கு அதிகம் என்று நான் கருதுகிறேன். அமெரிக்காவின் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி துணை உணவு என்பது வாயால் உட்கொள்ளப்படுவதாக இருக்க வேண்டும்; அப்படி இருந்தால் விற்பனைக்கு முன் அது வேலை செய்கிறது என்று அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. நேராக யோனியில் வைக்கும் பொருளுக்கு நோய் தீர்க்கும் என்று உரிமை கோரினால் அது மருந்து. மருந்தென்றால் சோதனைகள், ஆண்டுகள், கோடிகள். மிட்டாயாக விற்பது எளிய வழி. இந்தியாவிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் விற்கப்படும் சப்ளிமெண்ட் டப்பாக்களில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட்டிருப்பார்கள்; முன்பக்கத்து வாக்குறுதியைப் படிப்பவர்கள் அதையும் ஒருமுறை தேடிப் படிக்கலாம்.

கடினமான வழியில் போன ஒரு தயாரிப்பு உண்டு. லாக்டின்-வி என்ற பெயரில், கிரிஸ்பேட்டஸின் சி.டி.வி.-05 என்னும் திரிபைத் தூளாக்கி, குழாய் மூலம் யோனியிலேயே செலுத்தும் முறை அது. மெட்ரோனிடசோல் ஜெல் சிகிச்சை முடித்த 228 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பதினொரு வாரங்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. பன்னிரண்டாம் வாரத்துக்குள் நோய் திரும்பியது இந்தத் தூளைப் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினருக்கு, போலித் தூள் பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்கு. வித்தியாசம் மெய்யானது, ஆனால் அற்புதம் என்று சொல்லத்தக்கதல்ல, ஏனெனில் பெற்றவர்களிலும் மூவரில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட நோய் திரும்பியிருக்கிறது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: உரிய இனம், உரிய இடம், முன்னால் ஓர் ஆன்டிபயாடிக் என மூன்றும் சேர்ந்தபோது ஓரளவு பலன் கிடைத்தது. கடை மிட்டாயில் இந்த மூன்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. ஆயினும் புரோபயாடிக் பற்றிய எல்லா விளம்பரங்களும் இந்த ஆய்வின் நிழலில் ஒதுங்கிக்கொள்கின்றன என்பதுதான் வேடிக்கை.

லாக்டிக் அமில ஜெல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் 519 பெண்களிடம் நடந்த வீட்டா ஆய்வில் இரண்டு வாரத்தில் அறிகுறி நீங்கியது மெட்ரோனிடசோல் மாத்திரை பெற்றவர்களில் 70 விழுக்காட்டினருக்கு, ஜெல் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினருக்கு. குமட்டலும் வயிற்றுப்போக்கும் ஜெல்லில் வெகு குறைவு என்பதால், மாத்திரையைத் தாங்க முடியாதவருக்கு அது ஒரு வழி, முதல் தெரிவல்ல. இதே அமிலத்தின் பெயரைச் சொல்லி விற்கும் கழுவு திரவங்களை இந்த ஜெல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளிப்புறத்துக்கு வெறும் நீரே போதும். உட்புறத்தைப் பீய்ச்சிக் கழுவுவது நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

போரிக் அமிலம் 600 மில்லிகிராம் குளிகை, மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கு ஆன்டிபயாடிக்குக்குப் பின் 21 நாட்கள் என்று அமெரிக்க வழிகாட்டியில் ஒரு தெரிவாக இடம்பெற்றிருக்கிறது. அது யோனியில் மட்டும் வைப்பதற்கு, விழுங்கினால் நஞ்சு, கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இணையத்தில் வாங்கி வீட்டில், அதுவும் குழந்தைகள் உள்ள வீட்டில், வைத்துக்கொள்ளும் பொருள் இதுவல்ல. ஆரோக்கியமான பெண்ணின் யோனித் திரவத்தை நோயுற்றவருக்கு மாற்றும் முறையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2019-இல் இஸ்ரேலில் ஐந்து பேரிடம் செய்து நால்வருக்கு நீடித்த நிவாரணம் கிடைத்தது. ஐந்து பேரை வைத்து எதுவும் முடிவு செய்ய இயலாது.

இத்தனை போட்டியாளர்களுக்கும் இடையில், யாரும் டப்பாவில் அடைத்து விற்க முடியாத ஒன்றுதான் எண்களில் முந்தி நிற்கிறது. மெல்போர்ன் ஆய்வாளர்கள் ஒருவரோடு ஒருவர் மட்டும் உறவில் இருந்த 164 ஆண்-பெண் இணைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் பெண்களுக்கும் வழக்கமான சிகிச்சை. பாதி இணைகளில் ஆணுக்கும் ஏழு நாட்கள் மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, கூடவே ஆணுறுப்பின் தோலில் கிளிண்டமைசின் கிரீம் இரண்டு வேளை. பன்னிரண்டு வாரங்களில், பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை தந்த இணைகளில் 63 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. இருவருக்கும் தந்த இணைகளில் 35 விழுக்காட்டினருக்கு. பெண்ணுக்கு மட்டும் தருவது தாழ்ந்த சிகிச்சை என்பது ஐயமின்றித் தெரிந்ததால் ஆய்வே இடையில் நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் இது வெளியானபின், அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் மீண்டும் வரும் நோய்க்குத் துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தரப் பரிந்துரைத்தது. ஆண்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்த முந்தைய ஆய்வுகள் தோற்றதை வைத்து, துணைவருக்குச் சிகிச்சை வீண் என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டுவந்தது. அந்த ஆய்வுகளில் தோலில் தங்கிய பாக்டீரியாவை யாரும் தொடவில்லை. லாக்டின்-வி ஆய்வின் 15 விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசத்தையும் இந்த 28-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து எடைபோடுவது ஆய்வு முறைப்படி சரியாகாது என்றாலும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

இதை நம் வெளிநோயாளர் பிரிவில் நடைமுறைப்படுத்துவது எளிதல்ல. கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அல்லது வந்தே இருக்கமாட்டார். உங்களுக்கும் மருந்து என்றால், மனைவியின் நடத்தையைப் பற்றியோ தன் நடத்தையைப் பற்றியோ குற்றச்சாட்டு வருகிறது என்று எடுத்துக்கொள்வார். பாக்டீரியல் வஜினோசிஸ் வேறொருவரோடு உறவு வைத்ததற்குச் சான்று அல்ல, இருவருக்கு இடையிலேயே அந்தப் பாக்டீரியா சுற்றி வரக்கூடும் என்பதை மருத்துவரே கணவரிடம் நேரில் சொல்வது நல்லது. அந்தப் பொறுப்பை மனைவியின் தலையில் ஏற்றி அனுப்பினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். ஒரு மிட்டாய் டப்பா வாங்குவது இதைவிட எவ்வளவோ சுலபம், அது விற்பதற்கும் இதுவே பாதிக் காரணம்.

ஆகவே முதல் முறை வந்தவருக்கு ஆன்டிபயாடிக் மட்டும் போதும். திரும்பி வந்தால், நிலையான துணைவர் இருப்பவருக்கு இருவர் சிகிச்சையும், சிகிச்சை நடக்கும் ஏழு நாட்களும் உறவைத் தவிர்ப்பதும் எனக்கு முதலிடம். துணைவர் இல்லாதவருக்கோ அது இயலாதவருக்கோ நீண்டகால மெட்ரோனிடசோல் ஜெல் அல்லது போரிக் அமிலம். வாய்வழி புரோபயாடிக்கால் ஆரோக்கியமானவருக்குப் பெரிய தீங்கு வராது; பணம் வீணாவதைப் பற்றிக் கவலைப்படாதவர் சாப்பிடட்டும், ஆனால் அதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். அறிகுறியே இல்லாதவருக்கு மேற்சொன்னவற்றில் எதுவும் வேண்டாம்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்த ஒப்பீடு முழுவதுமே பொருந்தாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்து, லாக்டோபேசில்லஸுக்கு உணவாகும் கிளைகோஜனும் குறைவதால் அவர்களுக்கு பி.எச். உயர்வது இயற்கை; எரிச்சலும் வறட்சியும் இருந்தால் அவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது யோனியில் இடும் ஈஸ்ட்ரோஜன் கிரீமைப் பற்றி.