மின்னல் பிடிக்க எது நல்லது: முட்டமா மாடி ஜன்னலா, போனா கேமராவா

சித்திரை பொறந்தாச்சுன்னா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல எல்லார் ஸ்டேட்டஸ்லயும் மின்னல் வீடியோதான். முக்காவாசி ஒரே மாதிரி இருக்கும், கருப்பு ஸ்கிரீன், நடுவுல ஒரு வெள்ளைப் பளிச், பின்னாடி "எம்மோ, பாத்தியா பாத்தியா"ன்னு ஒரு சத்தம், மின்னல் மட்டும் இருக்காது. அடுத்த நாளே பேச்சு கிளம்பிடும், நல்ல கேமரா வாங்கணும் மக்கா, முட்டம் கடற்கரைப் பாறைக்குப் போகணும் மக்கான்னு. அதெல்லாம் பொறவு. முதல்ல பாக்க வேண்டியது தூரம்தான், மின்னல் நம்மகிட்ட இருந்து எத்தனை கிலோமீட்டர்ல வெட்டுதுன்னு தெரிஞ்சா எந்த இடம், எந்த மாசம், போனா கேமராவாங்கிற சண்டை எல்லாம் தானா பாதி தீர்ந்துடும்.

ஒரு சின்னக் கணக்கு. நம்ம பக்கத்து இடிமேகம் நல்லா வளந்தா 15 கிலோமீட்டர் உசரம் வரைக்கும் போகும். அது 10 கிலோமீட்டர் தள்ளி நிக்குதுன்னு வைங்க, அதோட உச்சி 56 டிகிரியில இருக்கும், கழுத்தை நல்லா அண்ணாந்தாதான் தெரியும், போனைப் படுக்க வச்சு எடுத்தா மேகத்துல பாதிதான் ஃப்ரேம்ல வரும். அதே மேகம் 35 கிலோமீட்டர் தள்ளி இருந்தா மொத்தமும் 23 டிகிரிக்குள்ள அடங்கிடும், அடியில மலைவரிசை, நடுவுல வெட்டு, மேல விரிஞ்ச தலை எல்லாம் ஒரே ஃப்ரேம்ல, மழையும் நம்ம மேல விழாது. தலைக்கு மேல வெட்டுற மின்னலுக்கு வானம் முழுக்க வெளுக்கும், ஆனா படத்துல கோடு கிடைக்காது.

இப்ப இடத்துக்கு வருவோம். முட்டம் பேருக்கு ஏத்த இடம்தான், மேட்டுல இருக்கறதால வடக்க பாத்தா தென்னந்தோப்பு எல்லாம் கீழ போயிடும், மலை தெளிவா தெரியும். கோடை இடிமேகம் கட்டுறது அந்த மலைப்பக்கம்தான், அடிவாரத்துல இருக்கற பேச்சிப்பாறை அணை அங்க இருந்து நேர்கோட்டுல 35 கிலோமீட்டர் பக்கம், அதாவது மேல சொன்ன கணக்குக்கு அச்சா பொருந்துது. சொத்தவிளை, சங்குத்துறை பீச் எல்லாம் கடலைப் பாக்க கொள்ளாம், வடக்க திரும்பினா தென்னை மறைக்கும், அதனால கோடை மின்னலுக்கு அது ரெண்டாம் பட்சம்தான். ஆனா முட்டத்துக்கும் ஒரு பெரிய ஓட்டை இருக்கு, இடி காதுல விழ ஆரம்பிச்சா அந்தப் பாறையும் லைட்ஹவுஸ் பக்கமும் இந்த மாவட்டத்துலயே நிக்கக் கூடாத இடமா மாறிடும். வெட்டவெளி, மேடு, சுத்தி உசரமா வேற ஒண்ணும் கிடையாது, நாமதான். இடிச்சத்தம் பொதுவா 15, கூடிப்போனா 20 கிலோமீட்டர் வரைக்கும்தான் கேக்கும், மின்னலோ மேகத்தை விட்டு வெளிய வந்து பத்து கிலோமீட்டருக்கு மேல தள்ளியும் விழும், அங்க தலைக்கு மேல நட்சத்திரமே தெரிஞ்சாலும் விழும். ஆக சத்தம் கேட்டாச்சுன்னா நாமளும் அது எட்டுற தூரத்துலதான் நிக்கோம்னு அர்த்தம். சத்தமே இல்லாம தூரத்துல பளிச் பளிச்னு போற வரைக்கும்தான் முட்டம்.

இன்னொரு கட்சி இருக்கு, மலைப்பக்கமே போயிடலாம், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, கீரிப்பாறைன்னு. நான் இதுக்கு எதிர்க்கட்சி. அடிவாரத்துல போய் நின்னா மேகம் தலைக்கு மேல, ரப்பர் தோட்டம் சுத்தி, வானம் தெரியறதே ஒரு சாண் அகலம்தான். மழைக்கு ரப்பர் மரத்தடியில ஒதுங்குனா அது வேற ஆபத்து. மாத்தூர் தொட்டிப்பாலத்துல நின்னு எடுத்தா எப்படி இருக்கும்னு ஒரு ஆசை நிறைய பேருக்கு உண்டு, 115 அடி உசரத்துல அந்த ஒடுக்கமான நடைபாதையில இடி நேரத்துல மாட்டிக்கிட்டா ஓடவும் முடியாது ஒதுங்கவும் முடியாது, ஆசையோட நிறுத்திக்கறது நல்லது. சுசீந்திரம், புத்தேரி பக்கத்து வயக்காடு கண்ணுக்கு ரொம்ப அழகு, மலை முழுசா தெரியும், தண்ணியில மின்னல் வெளிச்சம் வேற விழும், ஆனா வரப்புல நிக்கிறவன்தான் அங்க உசரம், அதையும் யோசிச்சுக்கிடுங்க.

அப்போ வீடு? மொட்டமாடி இல்ல, மாடி ஜன்னல். நாகர்கோவில்ல மூணாவது மாடியில வடக்கு பாத்த ஜன்னல் இருந்தா தாடகை மலையில இருந்து அங்கோட்டு மொத்தமும் கெடக்கும், அது இருக்கிறவங்க முட்டத்துக்கு பெட்ரோல் செலவழிக்க வேண்டிய அவசியமே இல்ல. ரூம் லைட்டை அணைச்சுடணும், இல்லன்னா கண்ணாடியில நம்ம மூஞ்சிதான் பதியும். ஜன்னல் கம்பிக்கு நடுவுல லென்ஸ் பாக்கற மாதிரி ட்ரைபாடை ஒரு கை அகலம் தள்ளி வைங்க, கம்பியைத் தொடாதீங்க. சார்ஜர்ல மாட்டிக்கிட்டே எடுக்கறதும் வேண்டாம், பவர்பேங்க் போதும். இடி நேரத்துல போன் மின்னலை இழுக்கும்னு பெரியவங்க சொல்றது வேற, அந்தச் சின்ன டப்பா மின்னலை ஒண்ணும் இழுக்காது, சுவத்துல சொருகின வயர் வழியா வரதுதான் ஆபத்து. கார் இருந்தா அதுவும் நல்ல தேர்வு, மேல தகரம் மூடின வண்டியா இருக்கணும், கண்ணாடியை ஏத்திடணும், டேஷ்போர்டுல ஒரு போன் ஹோல்டர். ஆட்டோ, பைக் எல்லாம் இந்தக் கணக்குல சேராது. மொட்டமாடிக்கு ஆதரவா என் சித்தப்பா மவன் மட்டும்தான் பேசுவான், அவனையும் "லேய், எறங்கி வாலே, நீ எடுத்த படத்தை உன் பதினாறுக்குத்தான் போடணும்"னு சித்தி ஒரு சத்தம் போட்டா இறங்கிடுவான்.

எங்க தெரு முனையில ஒரு தென்னை உண்டு, போன ஐப்பசியில அதுல மின்னல் வெட்டு விழுந்தது. அன்னைக்கு ராத்திரி பாத்தா பெருசா ஒண்ணும் தெரியல, தடியில ஒரு கீறல், அவ்ளோதான். பத்துப் பதினஞ்சு நாள்ல ஓலை ஒண்ணொண்ணா கீழ மடங்கி, குருத்து அழுகி, தலை அப்படியே சாஞ்சு நின்னுச்சு. அதுக்கு எட்டடி பக்கத்துலதான் மொட்டமாடி.

மாசத்துக்கு வந்தா, கோடையா ஐப்பசியா? சித்திரை, வைகாசியில மத்தியானம் கடக்காத்து உள்ள ஏறி மலையில முட்டி மேகம் கட்டும், மூணு மணி நாலு மணிக்கு மலைமேல உருமும். தூரம் கிடைக்குது, மலைக்கு இந்தப் பக்கம் பல நாள் வானம் காய்ஞ்சே கெடக்கும், எல்லாம் சரி, ஒரே குறை நேரம்தான். நல்ல ஆட்டம் பாதி நாள் பகல்லயே முடிஞ்சுடும், ஆறரை தாண்டி இருட்டுனதுக்கு அப்புறமும் நின்னு வெட்டுற நாள் கொஞ்சம்தான். ஐப்பசி அப்படி இல்ல, சாயங்காலம் ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் வெட்டும், இருட்டு வேணும்னா ஒருபாடு இருக்கு, ஆனா மழை நம்ம மேலயே கொட்டும், மின்னலுக்கும் நமக்கும் நடுவுல தண்ணித் திரை, கரண்ட் வேற போயிடும். ஆனி, ஆடியில நாள் முழுக்க சாரல் அடிச்சாலும் இடி மின்னல் ரொம்பக் குறைவு, தென்மேற்குப் பருவமழை மேகம் பெரும்பாலும் அவ்வளவு உசரம் வளராது, அதனால அந்த மாசத்துக்கு ட்ரைபாடை பரண்ல போட்டுடலாம். எனக்கு கேட்டா சித்திரைதான், பத்து நாள் ஏமாந்தாலும் ஒரு நாள் இருட்டுல மலைமேல நின்னு வெட்டுச்சுன்னா போதும்.

இதுல ஒரு கிளைக்கதை. திருவள்ளுவர் சிலைக்குப் பின்னாடி கிளை கிளையா மின்னல் இறங்குற படம் வாட்ஸப்ல வருஷா வருஷம் சுத்துது. கரையில இருந்து சிலையைப் பாத்தா பின்னாடி கடல்தான், கோடை இடிமேகம் நிக்கிறது நம்ம முதுகுப் பக்கம் மலையில. அப்போ அந்தப் படம் நிஜம்னா கடல்மேல மேகம் கட்டுன நாளா இருக்கணும், ஐப்பசி மாதிரி. "மே மாசம் எடுத்தது"ன்னு எழுதியிருந்தா கொஞ்சம் சந்தேகமாவே பாருங்க.

சரி, போனா கேமராவா. இதுல கேமரா கட்சிக்காரங்க சொல்ற முக்கியமான பாயின்ட் நிஜம்தான். போன் சென்சார் ஒரே நேரத்துல முழுப் படத்தையும் வாங்காது, வரி வரியா படிக்கும், மின்னலோ கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். அதனால வெட்டோட ஒரு பாதி ஒரு ஃப்ரேம்லயும் மறு பாதி அடுத்த ஃப்ரேம்லயும் விழும், நடுவுல கத்தியால வெட்டுன மாதிரி நேர்கோடு, மேல வெள்ளை கீழ கருப்பு. போன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு கடைக்குக் கொண்டுபோனவங்க உண்டு. கெட்டுப்போகல, ரெண்டு ஃப்ரேமையும் எடுத்து எந்த எடிட்டிங் ஆப்லயாவது ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, வெளிச்சமான பாகத்தை மட்டும் எடுத்துக்கற லைட்டன் மோடுல போட்டா பெரும்பாலும் முழு மின்னலும் சேந்துடும்.

கேமராவுல ஷட்டரைத் திறந்து வச்சு 10, 15 செகண்டு காத்திருந்தா இந்தத் தொல்லை இல்ல, அதுக்குள்ள எப்ப வெட்டுனாலும் சென்சார் முழுசும் முழிச்சிருக்கும். இங்க எல்லாரும் குழம்புற இடம் ஒண்ணு, ஷட்டரை எவ்ளோ நேரம் திறந்து வச்சாலும் மின்னல் கோட்டோட வெளிச்சம் கூடாது குறையாது, ஏன்னா அது அந்தக் கண நேரம்தான் இருக்கு. அதைக் கூட்டிக் குறைக்கறது அப்பர்ச்சரும் (லென்ஸ் வாய் எவ்ளோ திறந்திருக்குங்கறது) ஐஎஸ்ஓவும்தான் (சென்சார் வெளிச்சத்தை எவ்ளோ கூட்டிக் காட்டுதுங்கறது). ஷட்டர் நேரம் கூடுனா ஏறுறது நாகர்கோவில் டவுன் வெளிச்சம், மேகம் ஆரஞ்சா வெளுத்துடும். தூரத்து மின்னலுக்கு அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200ல ஆரம்பிச்சுப் பாருங்க, கொஞ்சம் பக்கத்துல வந்தா எஃப் 8, ஐஎஸ்ஓ 100. ஃபோகஸ் ஆட்டோல விடாதீங்க, ஆரல்வாய்மொழிப் பக்கத்துல கரண்ட் எடுக்கற காத்தாடியில எரியற சிவப்பு லைட்டையோ ஏதாவது டவர் லைட்டையோ பாத்து கையால வச்சுட்டு தொடாம விடுங்க. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்னு மெனுவுல ஒண்ணு ஆன்ல இருக்கும், அதை அணைச்சே ஆகணும், இல்லன்னா 15 செகண்டு படம் எடுத்துட்டு இன்னொரு 15 செகண்டு கேமரா கண்ணை மூடிக்கிட்டு இருக்கும், நல்ல வெட்டு எல்லாம் சரியா அந்த நேரம் பாத்துதான் விழும். முட்டத்துல எடுத்தா உப்புக்காத்து லென்ஸ்ல படியும், துணி கையில இருக்கட்டும்.

இவ்வளவும் சொல்லிட்டு நான் போன் கட்சிதான். ஒண்ணு, பகல்ல கேமராவோட இந்த வித்தையெல்லாம் செல்லாது, பளிச்சைப் பாத்ததும் தானா ஷட்டரை அமுக்குற லைட்னிங் ட்ரிகர் வேணும், நம்ம கோடை ஆட்டம் பாதி பகல்லதான் நடக்குது, வீடியோன்னா ஓட விட்டுட்டு உக்காரலாம். ரெண்டு, ஒரு மின்னல்னு நாம சொல்றது ஒரே வெட்டு இல்ல, ஒரே பாதையில மூணு நாலு தடவை திரும்பத் திரும்ப ஓடும், அதான் கண்ணுக்கு துடிக்கிற மாதிரி தெரியுது, அந்தத் துடிப்பு வீடியோவுலதான் இருக்கு, போட்டோவுல எல்லாம் ஒரே கோடா கலந்துடும். 240 எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன்ல வச்சா ஃப்ரேமுக்கு 4 மில்லிசெகண்டு, மெயின் வெட்டுக்கு முன்னாடி கிளை விட்டு கீழ தடவிக்கிட்டு இறங்குற மெல்லிய கோடு சில நேரம் ஒண்ணு ரெண்டு ஃப்ரேம்ல மாட்டும், அது கிடைச்ச அன்னைக்கு தூக்கம் வராது. மூணு, வீடியோவுல இடிச்சத்தம் பதிஞ்சிருந்தா தூரமும் அதுலயே இருக்கு, பளிச்சுக்கும் சத்தத்துக்கும் நடுவுல எத்தனை செகண்டுன்னு பாத்து மூணால வகுத்தா கிலோமீட்டர்.

போன்ல செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ட்ரைபாடு இல்லன்னா அரிசி டப்பா மேலயாவது அசையாம வைங்க, கையில பிடிக்காதீங்க. ஸ்கிரீன்ல மலைக்கோட்டுமேல விரலை அமுக்கிப் பிடிச்சு ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் பண்ணிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழ இறக்குங்க, அந்த முதல்ல சொன்ன வெறும் வெள்ளைப் பளிச் வர்றதுக்குக் காரணமே ஆட்டோ எக்ஸ்போஷர்தான். ஜூம் பண்ணாதீங்க. 4கே 30 எஃப்பிஎஸ்ல நிமிஷத்துக்கு 170ல இருந்து 350 எம்பி வரைக்கும் தின்னும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி வெட்டு இல்லாததை அழிச்சுட்டு திரும்ப ஆரம்பிங்க. ஒரு நல்ல 4கே ஃப்ரேமைத் தனியா எடுத்தா 8 மெகாபிக்சல் படம், ஸ்டேட்டஸுக்கும் வீட்டுச் சுவத்துல மாட்டறதுக்கும் தாராளம்.

எப்ப எடுக்கறதுன்னு தெரிய மூணு வழி இருக்கு. திருவனந்தபுரம் ரேடார் படம் பாத்தா மேகம் எங்க கட்டுது, எந்தப் பக்கம் நகருதுன்னு தெரியும், ட்ரைபாடைத் தூக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண இதான் சரி. புனே வானிலை ஆய்வு நிறுவனத்தோட தாமினி ஆப் நம்மளைச் சுத்தி எங்க மின்னல் விழுதுன்னு காட்டும், அது எடுக்கறதுக்கு இல்ல, மூட்டை கட்டறதுக்கு. மூணாவது வழி மீன்பிடிக்கப் போற அண்ணன்மாருகிட்ட கேக்கறது, கிழக்க இருந்து வர்ற கொண்டல் காத்தா, மேக்க இருந்து வர்ற கச்சான் காத்தான்னு அவங்க சொல்றதை வச்சு மேகம் எங்கோட்டு போகும்னு அவங்களே சொல்லிடுவாங்க, எனக்கு ஆப்பை விட அது பல நாள் உதவியிருக்கு.

கடைசியா, மழை விட்டதும் எல்லாரும் ட்ரைபாடை மடக்கிடுறாங்க. மேகத்தோட விரிஞ்ச தலை அப்புறமும் ரொம்ப நேரம் மேல நிக்கும், அதோட அடிப்பக்கத்துல கீழ இறங்காம வானத்துலயே வேர் பரப்புற மாதிரி மெதுவா ஊர்ந்து போற மின்னல் அப்பதான் வரும், மத்ததை விட நீளமாவும் நிதானமாவும் இருக்கறதால சாதாரண போனுக்கே நல்லா மாட்டும். அதே தலையில இருந்து கீழ விழுறது சாதாரண வெட்டை விட பலமா இருக்கும், அதனால கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகற வரைக்கும் ஜன்னலை விட்டு வெளிய வராதீங்க, போனை மட்டும் ஓட விடுங்க.