மறையூரில் ஜீப் ஏறும் முன் படியுங்கள்: சிமெண்ட் முனியறையைக் காட்டிப் பணம் பறிக்கிறார்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மறையூர், காந்தளூர் பக்கம் முனியறை (பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச் சின்னம்) போன்ற பழங்கால இடங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. பெரியப்பா, பெரியம்மா, அண்ணன் பிள்ளைகள் எல்லாரும் பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறு ஏறிப் போனோம். மறையூரில் காரை நிறுத்தியதும் ஒருவர் வந்தார். நன்றாகத் தமிழ் பேசினார். "முனியறை, குகை ஓவியம், மியூசியம், சர்க்கரை ஆலை எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய். அங்கெல்லாம் கார் ஏறாதுங்கண்ணா, ஜீப்தான் போகும்" என்றார். பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, "நான் உள்ளூர்க்காரன்தானுங்களே, எங்க போயிடப்போறேன்" என்று சொல்லிவிட்டார்.

அவர் முதலில் கூட்டிப்போனது ஒரு தனியார் தோட்டம். வாசலில் ஆளுக்கு 150 ரூபாய் டிக்கெட். அது ஜீப் வாடகையில் சேராதாம். தகரக் கொட்டகைக்குள் கலப்பை, பரம்பு, உரல், மரப்பெட்டி என்று வரிசையாக வைத்திருந்தார்கள். எந்த ஊரிலிருந்து வந்தது, யார் வீட்டில் இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் மேலும் ராஜா காலம், ஆயிரம் ஆண்டு என்று அட்டை மட்டும் ஒட்டியிருந்தது.

ஒரு பெரிய இரும்புச் சாலுக்கு முன்னால் 'அரசர் குளித்த அண்டா' என்று எழுதியிருந்தது. பெரியப்பா அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "இது கவலைச் சால் கண்ணு. எங்கய்யன் தோட்டத்துல நானே ஓட்டியிருக்கேன்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். இரண்டு மாடும் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால் கிணற்றிலிருந்து மேலே வருவது, கீழே தைத்திருக்கும் தோல் வாலை வால்கயிறு மடக்கிப் பிடித்திருப்பது, மேலே வந்ததும் அந்த வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டுவது, மாடு பின்னால் நடந்தே மேடேறுவது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். மோட்டார் வரும் வரை எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் அப்படித்தான் பாய்ந்தன. பெரியப்பா சொன்னதில் பாதியை அட்டையில் எழுதியிருந்தால்கூட நான் 150 ரூபாயைச் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். மாடும் மனிதனும் வேர்வை சிந்தி இறைத்த கவலைச் சாலைப் போய் அண்டா என்று எழுதிவைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அட்டையை மாற்றச் சொல்லிப் பெரியப்பா கேட்டார். டிக்கெட் கொடுத்த பையன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அப்புறம் கொட்டகைக்குப் பின்னால் 'முனியறை'. மூவாயிரம் வருடப் பழமை என்று பலகை. ஒரு மூலையில் பூச்சு பெயர்ந்து உள்ளே கட்டுக்கம்பி தெரிந்தது. கேட்டதற்கு, நிஜமான முனியறை காட்டுக்குள் இருக்கிறது, அரசாங்கம் யாரையும் விடுவதில்லை என்றார் ஜீப்காரர்.

இது பச்சைப் பொய். நிஜமான முனியறைகள் கோவில்கடவுப் பக்கத்துப் பாறை மேட்டிலேயே இருக்கின்றன. அவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள், இரண்டாயிரம் வருடத்துக்கும் மேற்பட்டவை. நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்திருப்பார்கள். பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோவில் பக்கம் விசாரித்தாலே வழி சொல்லிவிடுகிறார்கள். கார் போகும் தூரம் போய், மீதியை நடந்து ஏறலாம். மூடிக்கல் சரிந்தும் பக்கக்கல் உடைந்தும் கிடப்பவை அங்கே நிறைய. பார்க்கவும் பாதுகாக்கவும் ஆள் வேண்டிய இடம் அது. வருகிறவர்களைப் பொய் சொல்லித் திருப்பி சிமெண்ட் பெட்டிக்குக் கூட்டிப்போகிறார்கள்.

குகை ஓவியம் என்று சாலையோரம் வண்டியை நிறுத்தித் தூரத்துப் பாறையைக் கைகாட்டினார், அவ்வளவுதான். பாறை ஓவியம் பார்க்க வேண்டுமானால் சின்னாறு சரணாலயத்தில் வனத்துறை நடத்தும் ஆலாம்பட்டி நடைப்பயணத்தில் போகலாம். வனத்துறை வழிகாட்டியே கூட வருவார். காட்டுக்குள் தனி ஜீப்காரர் கூட்டிப்போக முடியாது.

வெல்லம் காய்ச்சும் சர்க்கரை ஆலை என்றது வெறும் கடை. பெட்டியில் மறையூர் என்று எழுதி, வெளிர் மஞ்சளாக, ஒரே அளவில் அச்சில் வார்த்த வெல்லத்தை விற்கிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த மறையூர் வெல்லம் கரும்பழுப்பாக இருக்கும். பாகு ஆறும்போது கையால் உருட்டுவதால் உருண்டை சீராக இருக்காது, விரல் பதிந்த தடமும் தெரியும். பெரியம்மா துளி வாயில் போட்டுப் பார்த்து, வேண்டாம் என்று வைத்துவிட்டார். கரும்பு வெட்டும் நாட்களில் வயலோரக் கொட்டகைகளிலேயே பாகு காய்ச்சுவார்கள். புகை தெரிகிற இடத்தில் இறங்கிக் கேட்டு வாங்குங்கள். அதே கடையில் மறைவாகச் சந்தனக் கட்டைத் துண்டு வேண்டுமா என்றும் கேட்டார்கள். எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அது போலியாக இருந்தால் பணம் போகும், அசலாக இருந்தால் செக்போஸ்ட்டில் வனத்துறையிடம் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

காவல் நிலையத்துக்குப் போய் ஜீப் எண்ணைக் கொடுத்து எழுதிக் கொடுத்தோம். அவர்கள் கூப்பிட்டுப் பேசியதில் டிக்கெட் பணம் திரும்பியது, ஜீப் பணம் வரவில்லை. எங்கள் கையில் ரசீது இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்கும் என்றார் அங்கிருந்த காவலர். அதனால் எந்தெந்த இடம், என்ன தொகை என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பாதிப் பணத்தைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.

முனியறைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். மூடிக்கல் மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். பல கற்கள் விழுகிற நிலையில்தான் நிற்கின்றன.