பேட்மேன் வேடம்: கீட்டனா, க்ளூனியா?

மைக்கேல் கீட்டன்தான் பேட்மேன் என்று 1988இல் அறிவித்ததும் படத்தைத் தயாரித்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 கண்டனக் கடிதங்கள் குவிந்ததாகச் சொல்வார்கள். கோபம் புரிகிறது. அவர் பெரும்பாலும் காமெடிப் படங்களில் வந்தவர். காமிக்ஸ் பேட்மேன் 6 அடி 2 அங்குலம். கீட்டன் 6 அடியைக்கூடத் தொடமாட்டார். 1997இல் ‘பேட்மேன் & ராபின்’ படத்தில் பேட்மேனாக வந்த ஜார்ஜ் க்ளூனிக்கோ நல்ல தாடை, கோடீஸ்வரக் களை. ஃபோட்டோவைப் பார்த்து ஆள் எடுப்பதென்றால் க்ளூனியைத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் 1989 படத்தில் அந்தச் சாப்பாட்டுக் காட்சியைப் பாருங்கள். நீளமான மேசை, அந்த முனையில் பத்திரிகைப் புகைப்படக்காரி விக்கி வேல், இந்த முனையில் ப்ரூஸ் வெய்ன், அதாவது முகமூடி கழற்றிய பேட்மேன், ஊரறிந்த கோடீஸ்வரன். இந்த அறைக்குள் இதற்குமுன் வந்ததாகவே நினைவில்லை என்கிறார் ப்ரூஸ். தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி முழிக்கிற அந்தக் கண்கள் போதும். இரவானால் இந்த ஆள் கூரை கூரையாகத் தாவுவான் என்று நம்பிவிடுகிறோம். முகமூடி மாட்டியதும் குரல் தணிந்து வேறாகிறது. அந்த உடையில் கழுத்தைத் திருப்பவே முடியாது, அதனால் உடம்போடு சேர்ந்து திரும்பினார். அதுவே பேட்மேனின் நடையாகிவிட்டது.

க்ளூனி முகமூடிக்குள்ளும் க்ளூனிதான். அதே குரல், அதே இளஞ்சிரிப்பு. சரி, கதை வசனத்தின் மேலும் பாதிப் பழி உண்டு. பேட்மேன் கிரெடிட் கார்டை எடுத்து நீட்டும் காட்சியை யார் நடித்தாலும் காப்பாற்ற முடியாது. அதனால் இரண்டு படத்துக்கும் பொதுவான ஒன்றை வைத்துப் பார்க்கலாம்: ப்ரூஸை வளர்த்த வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெட். இரண்டிலும் அந்த வேடத்தில் மைக்கேல் காஃப்தான். நோயில் படுத்திருக்கும் ஆல்ஃப்ரெட்டிடம் க்ளூனி பேசும்போது எனக்கு மனசு கனத்துப்போகும், அப்படியொரு பாசம். ஆனால் க்ளூனியின் ப்ரூஸுக்கு உள்ளே எந்தக் காயமும் இருப்பதாகத் தெரியவில்லை. காயமில்லாதவனுக்கு எதற்கு முகமூடி?

ஆக, பொருத்தமில்லாத தேர்வு க்ளூனிதான் என்பது என் முடிவு. அதற்காக அவர் இத்தனை ஆண்டுகளாகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுத்தவர்களின் பிழையையும் சேர்த்து அவரே சுமக்கிறார். 2023இல் ‘தி ஃப்ளாஷ்’ படத்தில் இருவருமே வந்தார்கள். எழுபதைத் தாண்டிய கீட்டன் மறுபடி அந்தக் கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டார். க்ளூனி கடைசியில் கோட் சூட்டோடு காரிலிருந்து இறங்கினார், அவ்வளவுதான்.