சிலாப் அப்படியே, கதவு மட்டும் புதுசு: கல்லடியில் நாங்கள் செய்வித்த குசினி வேலை

சுனாமிக்குப் பிறகு 2006 இல் கட்டிய வீடு. மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். குசினியில் கொங்கிறீட் சிலாப், மேலே வெள்ளை டைல்ஸ், கீழே சிப்போர்ட் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) கதவுகள். சிலாப்புக்கு இன்றுவரை ஒன்றும் இல்லை. கதவுகள்தான் ஒவ்வொரு மாரிக்கும் ஊறி, அடிப்பக்கம் உப்பி, பிணைச்சல்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்து, போன மார்கழியில் சிங்குக்குக் கீழே இருந்த கதவு அம்மாவின் கையோடு கழன்று வந்துவிட்டது. அம்மாவுக்கு 68 வயது, கதவு காலில் விழாதது புண்ணியம்.

முதலில் நகரத்தில் ஒரு இடத்தில் கேட்டோம். முழுவதையும் உடைத்துப் புதுப் பான்ட்ரி, அதாவது கபட்டுகளோடு முழுக் குசினியும் புதுசாகப் போடலாம், எட்டு இலட்சத்துக்கு மேல் என்றார்கள். பத்து நிமிடத்தில் அளந்துவிட்டுப் போனார்கள், அம்மா எந்த இடத்தில் நின்று வேலை செய்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஆரையம்பதிப் பக்கம் அலுமினிய வேலையும் மரவேலையும் சேர்த்துச் செய்கிற சின்னப் பட்டறை ஒன்றுக்குச் சொல்லிவிட்டோம். வந்த ஓடாவியார் கபட்டுக்குள்ளே தலையை விட்டு, சிலாப்பின் அடியைச் சாவியால் தட்டித் தட்டிப் பார்த்தார். எங்கேயும் பொந்துச் சத்தம் கேட்கவில்லை, கம்பி வெளியே தெரியவில்லை, துருக் கறையும் இல்லை. "மகள், இதை உடைச்சுப்போட்டு மறுகா கவலைப்படாதீங்க, கதவை மட்டும் மாத்துவம்" என்றார். பெரிய வேலையைத் தட்டிப் பறிக்கப் பார்க்காமல் சின்ன வேலையே போதும் என்று சொன்ன அந்த ஒரு பேச்சுக்காகவே வேலையை அவர்களிடம் கொடுத்தோம்.

கீழே ஆறு கதவும் பவுடர் கோட்டிங் அடித்த அலுமினியம், துருப்பிடிக்காத எஃகுப் பிணைச்சல், புதுக் குழாய், மேல் கபட்டுக்கு அடியில் எல்ஈடி லைட். எல்லாம் சேர்த்து 1,65,000 ரூபா, நான்கு நாள். அந்த நான்கு நாளும் பின் விறாந்தையில் விறகடுப்பில்தான் சமையல்.

எனக்கு மிகவும் பிடித்தது சிங்கைச் சுற்றிச் செய்த வேலை. தண்ணீர் இறங்காமல் ஓரத்தை அடைத்திருந்த பழைய சிலிக்கன் பசை கறுத்துப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. எங்கள் பக்கம் வழக்கமாக அதற்கு மேலேயே புதுசைப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள், இரண்டு மாதத்தில் உரிந்துவிடும், ஏனென்றால் சிலிக்கன் பழைய சிலிக்கனில் ஒட்டாது. இவர்கள் பிளேடால் கடைசித் துண்டுவரை சுரண்டி எடுத்து, தேய்த்துக் கழுவி, ஒரு இரவு முழுக்கக் காயவிட்டு மறுநாள்தான் பூசினார்கள். பொடியன் ஒருவன் சவர்க்காரத் தண்ணீரில் விரலை நனைத்து மூலையிலிருந்து மூலைக்கு ஒரே இழுப்பில் இழுத்தான். அந்தக் கோடு இன்றும் வெள்ளையாகவே இருக்கிறது.

லைட்டையும் சொல்ல வேண்டும். சுவரோரம் பொருத்தாமல் கபட்டின் முன்விளிம்பை ஒட்டிப் பொருத்தினார்கள். அதனால் வெளிச்சம் சுவரில் விழாமல் நேரே வெட்டுகிற பலகையில் விழுகிறது. முந்தி பின்னேரம் வருகிற மீனை அம்மா கிணற்றடிக்குக் கொண்டுபோய்த்தான் வெட்டுவார், இப்போது உள்ளேயே வெட்டுகிறார், செதில் ஒன்றுகூடத் தப்பாது.

சரி, குறைகள். பிணைச்சல் நல்லது, ஆனால் அதைப் பூட்டிய திருகாணிகள் சாதாரண துத்தநாகப் பூச்சுத் திருகாணிகள். கடலோரத்தில் அந்தப் பூச்சு நிற்காது. இரண்டாம் மாதமே ஒவ்வொரு திருகாணிக்குக் கீழும் மண்ணிறக் கோடு வழிந்தது. படம் எடுத்து அனுப்பினேன், மூன்று கிழமை கழித்து வந்து காசு வாங்காமல் மாற்றினார்கள். அந்த மூன்று கிழமைக்குள் நான் ஐந்து தடவை போன் எடுத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த விசயம். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் வைக்கிற கபட்டுக்கு மற்றவற்றைப் போலவே இறுக்கமாக மூடுகிற கதவு போட்டுவிட்டார்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் வெடித்த செய்திகளைக் கேட்டுப் பயந்து, சிலிண்டரைத் தூக்கி வெளியே வைத்திருந்தவர்கள் நாங்கள். கதவின் அடியில் காற்றோட்டத்துக்கு வழி வேண்டும் என்று நான் சொன்ன பிறகுதான் வெட்டி வலைத்தட்டு வைத்தார்கள். இது வாடிக்கையாளர் சொல்லித் தெரிய வேண்டிய விசயம் இல்லை. நீங்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், காஸ் குழாய் பழசென்றால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

இன்னும் மேல் கபட் இரண்டு மிச்சம். தை பிறந்ததும் அதே ஆட்களைத்தான் கூப்பிடப்போகிறோம். திருகாணிகளை மட்டும் நானே காத்தான்குடியில் பார்த்து வாங்கி வைத்துவிட்டேன்.