ஃபிரிட்ஜ் விற்பவரின் மகள்

ஸ்வீடிஷ் இயக்குநர் ராய் ஆண்டர்சனின் ‘எ ஸ்வீடிஷ் லவ் ஸ்டோரி’ படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு 19 வயது. அந்தப் பையனையும் பெண்ணையும் தவிர வேறு யாரும் என் கண்ணில் படவே இல்லை. போன மாதம் மறுபடி பார்த்தேன். இந்த முறை பெண்ணின் அப்பா ஜானை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் ஃபிரிட்ஜ் விற்பவர். என் அப்பாவும் 22 வருடம் வீட்டு உபயோகப் பொருள் விற்பனையில் இருந்தவர்தான். மாதக் கடைசி ராத்திரிகளில் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். ஜான் வாயைத் திறந்தாலே மகள் அன்னிகாவின் முகத்தில் வந்து உட்காரும் அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரியும்.

1970-ல் வந்த படம். ஸ்வீடிஷ் மொழியில் இதன் பெயருக்கு வெறுமனே ‘ஒரு காதல் கதை’ என்றுதான் பொருள். நோயாளியான தாத்தாவைப் பார்க்க ஒரு பையன் தன் குடும்பத்தோடு வந்திருக்கிறான். அன்னிகாவும் தன் வீட்டாருடன் அங்கே வந்திருக்கிறாள். பெரியவர்கள் மேசையைச் சுற்றி ஏதோ பேசிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், காதல் தொடங்கிவிட்டது. இருவருக்கும் 14, 15 வயதுதான் இருக்கும்.

இந்தப் பார்வைகளை ஆண்டர்சன் படமாக்கியிருப்பதற்காகவே படத்தை இன்னொரு தடவை பார்ப்பேன். ஒளிப்பதிவாளர் யோர்கன் பெர்சன். அவருடைய கேமரா தள்ளி நின்று, இடையில் போகிற வருகிறவர்களின் தோள்களைத் தாண்டி அந்த முகங்களைத் தேடிப் பிடிக்கிறது. கோடை வெளிச்சம் முடியின் ஓரங்களில் நிற்கிறது. வசனம் மிகக் குறைவு. பையன் தோல் ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறான், சிகரெட் பற்றவைக்கிறான், பார்க்காததுபோலப் பார்க்கிறான். ஸ்வீடனில் 15 வயதானால் மொபெட் ஓட்டலாம். அதனால் அந்த மொபெட் அவனுக்கு வண்டி மட்டும் இல்லை, ‘நான் பெரியவனாகிவிட்டேன்’ என்று ஊருக்குக் காட்டும் அத்தாட்சி. அவள் கண்ணெதிரிலேயே இன்னொருவன் அவனை அடித்துவிடுகிறான். அதற்கப்புறம் அவளை நேராகப் பார்க்க அவனால் முடிவதில்லை. அடிபட்ட வலியைவிட அவள் பார்த்துவிட்டாளே என்ற வலிதான் பெரிது. அந்த வெட்கம் பையனாக நடித்த ரோல்ஃப் சோல்மானின் தோளிலும் நடையிலும் அப்படியே தெரிகிறது. அன்னிகாவாக வரும் ஆன் சோஃபி கிலினும் நடிப்பது போலவே தோன்றாது.

சரி, பெரியவர்களுக்கு வருகிறேன். 1965-லிருந்து பத்து வருடத்துக்குள் பத்து லட்சம் வீடுகள் கட்டுவது என்று ஸ்வீடன் இறங்கியிருந்த காலம் அது. புது வீடு என்றால் புது ஃபிரிட்ஜ் வேண்டும். ஜானுக்குப் பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் கசந்துபோயிருக்கிறார், அந்தக் கசப்பை வீட்டில்தான் கொட்டுகிறார். அன்னிகாவின் சித்தி ஈவா, கல்யாணம் ஆகாத தன் தனிமையைச் சின்னப் பெண்ணிடம் சொல்லி அழுகிறாள். அந்த வேடத்தில் வருபவர் அனிதா லிண்ட்ப்ளோம், அக்காலத்தில் ஸ்வீடனே அறிந்த பாடகி. பையனின் தாத்தாவும் தனிமையை நினைத்துத்தான் கண்கலங்குகிறார். வசதிக்குக் குறைவில்லாத நாட்டில் இத்தனை பேர் ஏன் அழுகிறார்கள் என்று படம் விளக்கவில்லை, காட்டிவிட்டு நகர்கிறது. எனக்கு அதுதான் சரியென்று பட்டது.

குறை இல்லாமல் இல்லை. நடுப்பகுதியில் படம் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. ஜானின் கோபம் ஒரே சுருதியில் திரும்பத் திரும்ப வருகிறது. அவருக்குக் கொடுத்த இடத்தில் பாதியை அன்னிகாவின் அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாம். அந்தப் பெண்மணி என்ன நினைத்தபடி அந்த வீட்டில் வாழ்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

ஆண்டர்சன் 1943-ல் கோத்தென்பர்க்கில் பிறந்தவர். இது அவருடைய முதல் முழுநீளப் படம். நல்ல வரவேற்பு. இதே மாதிரி இன்னொன்று எடுத்திருந்தால் வாழ்க்கை சுலபமாகப் போயிருக்கும். அவர் எடுக்கவில்லை, செய்ததையே திரும்பச் செய்ய மனம் வராமல் சோர்ந்துபோனார். 1975-ல் வந்த ‘கிலியாப்’ ஓடவில்லை. அதற்குப் பிறகு அடுத்த முழுநீளப் படத்துக்கு 25 வருடம் ஆனது. நடுவில் விளம்பரப் படங்கள் எடுத்தார், 1981-ல் ஸ்டாக்ஹோமில் ‘ஸ்டுடியோ 24’ என்று சொந்தமாக ஒரு ஸ்டுடியோ தொடங்கினார். 2000-ல் ‘சாங்ஸ் ஃப்ரம் தி செகண்ட் ஃப்ளோர்’ வந்தபோது ஆளே மாறியிருந்தார். அசையாத கேமரா, வெளிறிய முகங்கள், சாம்பல் நிற அறைகள். அதற்குக் கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசும், 2014-ல் வந்த ‘எ பிஜன் சாட் ஆன் எ பிராஞ்ச் ரிஃப்ளெக்டிங் ஆன் எக்ஸிஸ்டென்ஸ்’ படத்துக்கு வெனிஸ் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கச் சிங்கமும் கிடைத்தன. இரண்டு வேறு இயக்குநர்கள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இந்த முறை பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. பின்னால் வந்த படங்களின் வெளிறிய மனிதர்கள் எல்லோரும் இந்தப் படத்தின் பின்வரிசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்டர்சன் குழந்தைகளை இங்கேயே விட்டுவிட்டு, ஜானை மட்டும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

கடைசிப் பகுதிக்காகவாவது படத்தை முழுதாகப் பாருங்கள். ஆகஸ்ட் மாதம் ஸ்வீடனில் நன்னீர் இறால் விருந்து வைப்பார்கள். சோயிக்கீரையும் உப்பும் போட்டு அவித்து ஆறவைத்த இறாலைக் கையாலேயே உடைத்துச் சாப்பிடுவார்கள், மது குடித்துப் பாடுவார்கள். தலையில் காகிதத் தொப்பி, கழுத்தில் குழந்தைக்குக் கட்டுவதுபோல ஒரு துணி. இரண்டு குடும்பங்களும் அப்படி ஒரு விருந்தில் ஒன்றாக உட்காருகின்றன. ஜான் வெடிக்கிறார், எழுந்து போகிறார், பனிமூட்டத்தில் காணாமல் போகிறார். மீதியைச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இருவரும் இது எதுவும் தெரியாமல் வேறெங்கோ இருக்கிறார்கள். பெரியவர்கள் பயத்தோடு அவர் பெயரைக் கூவிக்கொண்டு பனிக்குள் தேடிப் போகிறார்கள். தலையில் இருக்கும் காகிதத் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.