டொட் சிஏ முகவரி யாழ்ப்பாணக் கடைக்குக் கிடைக்குமா?

கனடாவுக்கு மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் அனுப்பும் கடைகள் டொட் சிஏ (.ca) என்ற கனடிய இணைய முகவரியை விரும்புவது நியாயமே. ஆனால் அதை நிர்வகிக்கும் சீரா (CIRA) அமைப்பின் விதி இறுக்கமானது. கனடியக் குடியுரிமை, நிரந்தர வதிவிடம், அங்கு பதிந்த கம்பனி போன்ற ஒரு தகுதி வேண்டும். இல்லையேல், கனடாவில் பதிவான வியாபாரக்குறி. விண்ணப்பித்திருந்தால் மட்டும் போதாது. இலங்கைப் பதிவும் செல்லாது. குறியிலுள்ள சொல் பிசகாமல் முகவரியில் வரவேண்டும், கூடுதல் சொல் சேர்க்கலாம். அவுஸ்திரேலியாவின் டொட் ஏயூ (.au) அதையும் விடாது: 2021 ஏப்ரல் முதல் வெளிநாட்டவரின் குறியும் முகவரியும் அச்சொட்டாகப் பொருந்தவேண்டும்.

ரொறன்ரோ மச்சானின் பெயரில் பதிவதைப் பரிந்துரைக்கமாட்டோம். முகவரி அவருடையதாகிவிடும், புதுப்பிப்பதும் அவர் கையில். சீரா கேட்கும் ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவே ரத்தாகலாம். டொட் சிஏக்குத் தகுதி கிடைக்கும்வரை இலங்கையின் டொட் எல்கேயைக் (.lk) கடையின் பெயரிலேயே எடுங்கள். தமிழில் டொட் இலங்கையும் உண்டு.